நூலகச் சுவரில் உள்ளூர் ஓவியர்களின் கற்பனைப் படங்கள்: நிரந்தர இடம் கேட்கலாமா?

வாசல்படி (இழையைத் தொடங்கியவர்) | செவ்வாய், இரவு 9:14

எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தின் மாடிக் கூடத்தில் இந்த மாதம் உள்ளூர் ஓவியர்கள் சிலரின் படங்களை மாட்டியிருக்கிறோம். வாசகர் வட்டத்தின் ஏற்பாடு. தலைவர்கள் படம் வேண்டாம், கோபுரம், அருவி, வயல்வெளி வேண்டாம், உங்கள் மனத்தில் மட்டுமே இருப்பதை வரைந்து கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்டோம். வந்து சேர்ந்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

ஒருவர் தகரத்தில் எனாமல் பெயிண்டால் எங்கள் ஊர்க் கடைத்தெருவை வரைந்திருக்கிறார். பெயர்ப்பலகைகள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. அவற்றிலிருந்த எழுத்துகள் கீழே இறங்கி, மூட்டை முடிச்சோடு பேருந்து நிறுத்தத்தில் வரிசையில் நிற்கின்றன. கால் நீண்ட 'ஞ' ஒன்று, சின்னஞ்சிறு ஒற்றெழுத்தை இடுப்பில் வைத்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி பால்பாயிண்ட் பேனாவால் வற்றிய கண்மாயை வரைந்திருக்கிறார். வெடித்த மண்ணுக்கு அடியில் கல்யாணப் பந்தி நடக்கிறது, இலை போட்டு உட்கார்ந்திருப்பவை அத்தனையும் மீன்கள். தையல்காரர் ஒருவர் பழைய வேட்டியில் தையல் மெஷினாலேயே ஒரு புயலைத் தைத்துக் கொண்டுவந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் நூல் ஓட்டம், நாலடி தள்ளி நின்றால் கடல்.

மாதம் முடிந்தால் எல்லாவற்றையும் இறக்கிவிடுவோம். மறுபடி அந்தச் சுவரில் காலண்டரும் அறிவிப்புத் தாளும் ஏறிவிடும். அதைத்தான் தாங்க முடியவில்லை. நூலகத்தில் ஒரே ஒரு சுவரை உள்ளூர் ஓவியர்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கும்படி முறையாகக் கேட்க நினைக்கிறோம்.

நல்ல ஓவியத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் எழும்பூர் அருங்காட்சியகம், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி, ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் சேர்ந்து வாழும் சோழமண்டலம் என்று எல்லாம் சென்னையில் இருக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம். நூலகமோ பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். பேப்பர் படிக்க வரும் ஓய்வூதியக்காரர்கள், குரூப் 4 படிக்கும் பிள்ளைகள், அம்மா வேலை முடிந்து வரும்வரை சிறுவர் பிரிவில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள், இவர்கள் யாரும் ஓவியக் கண்காட்சி என்று தனியாகக் கிளம்பிப் போகப் போவதில்லை. படம் இவர்களிடம் வர வேண்டும்.

இங்கே நூலகர்களும் ஓவியர்களும் இருக்கிறீர்கள். எப்படிக் கேட்பது, எதில் சிக்கல் வரும், சொல்லுங்கள்.

---

கோட்டுச்சித்திரம் | செவ்வாய், இரவு 10:02

கேட்கத்தான் வேண்டும். நவீன ஓவியம் தமிழ் வாசகர்களிடம் வந்து சேர்ந்த வழியை நினைத்துப் பாருங்கள். கண்காட்சிக் கூடத்தில் பார்த்தவர்கள் வெகு சிலர். மற்றவர்கள் எல்லோரும் சிறுபத்திரிகை அட்டையிலும் கவிதைத் தொகுப்பின் உள்பக்கங்களிலும்தான் முதலில் பார்த்தோம். கே.எம்.ஆதிமூலத்தின் கோடுகளை எனக்கு அறிமுகம் செய்தது ஜூனியர் விகடன். கி.ராஜநாராயணன் எழுதிய கரிசல் கட்டுரைகளுக்கு அவர் வரைந்த மனிதர்களை, அவர் பெரிய ஓவியர் என்று தெரியாமலேயே கத்தரித்து வைத்திருந்தேன். ஓவியர் மருதுவையும் அப்படித்தான் தெரியும்.

தமிழில் எழுத்தும் ஓவியமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை. நூலகச் சுவரில் ஓவியம் ஏறுவதைப் புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

---

அட்டவணை எண் | புதன், காலை 6:40

நான் நூலகத் துறையில் இருப்பவன். ஓவியத்துக்கு எதிரி இல்லை. ஆனால் எங்கள் பக்கத்து நிலைமையையும் கேளுங்கள்.

முதலில் இடம். இன்று எந்த மாவட்ட மைய நூலகத்துக்குப் போனாலும் காலை எட்டு மணிக்கே போட்டித் தேர்வு மாணவர்கள் நாற்காலி பிடித்துவிடுகிறார்கள். வீட்டில் படிக்க இடம் இல்லாத பிள்ளைகள் அவர்கள். கண்காட்சி என்று கூட்டம் வந்து பேசினால், போட்டோ எடுத்தால், அவர்களுக்குத்தான் இடைஞ்சல். திறப்பு விழா, மைக், பொன்னாடை எல்லாம் வாசிப்புக் கூடத்தில் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது பணம். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, இப்போது அது சொத்து வரியில் 10 சதவீதம். அந்தப் பணத்துக்குப் புத்தகம், கட்டடம், சம்பளம், நாளிதழ், மின்கட்டணம் என்று ஏற்கெனவே நூறு வாய். ஓவியத்துக்கென்று செலவுத் தலைப்பு இல்லை. ஆகவே துறையிடம் பணம் கேட்காமல் இடம் மட்டும் கேளுங்கள். கோப்பு நகரும்.

மூன்றாவதுதான் எங்களைத் தூங்கவிடாதது. ஒரு படம் காணாமல் போனால், கிழிந்தால், யார் பொறுப்பு? "எங்கள் சமூகத்தைக் கேவலப்படுத்தும் படம்" என்று நாளை ஒருவர் மனு கொடுத்தால் யார் பதில் சொல்வது? பணியில் இருக்கும் நூலகர் தனியாளாக அதைச் சுமக்க முடியாது. வாய்மொழி அனுமதியை நம்பாதீர்கள். மாவட்ட நூலக அலுவலரின் எழுத்துமூல அனுமதியும், விதிகள் எழுதிய ஒரு பக்கமும் இருந்தால் என்னைப் போன்றவர்கள் துணிந்து நிற்போம்.

---

எனாமல் | புதன், இரவு 8:55

வாசல்படி தம்பி, அந்தத் தகரப் படம் வரைந்தது நான்தான். என் மகள்தான் இந்த இழையைக் காட்டினாள். அவளே டைப் செய்கிறாள்.

எனக்கு முப்பது வருஷத் தொழில் போர்டு எழுதுவது. சுவர் விளம்பரம், கட்சிக்காரர் சுவர், லாரி நம்பர், தியேட்டர் பேனர், எல்லாம். சின்னப் படத்தின் மேலே பென்சிலால் கட்டம் போட்டு, பேனர் துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக ஏற்றிக்கொண்டு போவோம். சாரத்தில் நிற்கும்போது கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு மூக்கு மட்டும்தான் தெரியும். முழு முகம் ரோட்டிலிருந்து பார்க்கிறவனுக்குத்தான். அப்படியும் கை தப்பாது.

பிளக்ஸ் வந்தது, வேலை போனது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார், கடை போர்டைக்கூட பிளக்ஸில்தான் போட்டிருக்கிறார். அதைப் பார்த்த அன்றைக்கு மனசில் விழுந்ததுதான் எழுத்துகள் ஊரைவிட்டுக் கிளம்புகிற படம்.

இத்தனை வருஷத்தில் "உனக்கு என்ன வரையத் தோணுது" என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. எம்.ஜி.ஆர் மாதிரி வரை, சிவாஜி மாதிரி வரை, பக்கத்துக் கடை போர்டு மாதிரி எழுது, இதுதான் கேட்டது. நூலகத்தில் ஒரு பெரியவர் என் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, அந்த 'ஞ' எங்கே போகிறது என்று கேட்டார். தெரியவில்லை ஐயா என்றேன். திருப்பூருக்குத்தான் போகும், எல்லோரும் அங்கேதானே போகிறார்கள் என்றார். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

நிரந்தரமாகச் சுவர் கிடைத்தால் எங்கள் ஆட்களை நான் கூட்டி வருகிறேன். எல்லோரிடமும் ஒரு படம் உள்ளே இருக்கிறது. ஆனால் பிரேம் செலவு பெரிய செலவு. படம் வரைகிறவனே கண்ணாடி, சட்டம், ஆட்டோ எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் வசதி இருக்கிறவன் படம்தான் சுவரில் ஏறும். ஒரே அளவில் பத்து சட்டங்களை வாசகர் வட்டமே வாங்கி வைத்துவிட்டால், படங்களை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். தகரத்துக்குச் சட்டம் தேவையில்லை, நான் ஓட்டை போட்டுக் கம்பி கட்டிவிடுவேன்.

---

பொதுஜனம் | புதன், இரவு 9:31

மாற்றுக் கருத்து ஒன்று. நானும் அந்தக் கூடத்துக்குப் போனேன். எனாமல் ஐயாவின் படம் அருமை, அதில் கதை இருக்கிறது. ஆனால் நாலைந்து படங்கள் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. நூலகம் வரிப்பணத்தில் நடக்கும் இடம். அங்கே எல்லோருக்கும் புரிவது, பயன்படுவது இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உள்ளூர் வரலாறு, பழைய புகைப்படங்கள், சுதந்திரப் போராட்ட வீரர்கள் என்று வைத்தால் பிள்ளைகளுக்கு அறிவு வளரும். கற்பனைப் படங்களுக்குத் தனியார் கூடங்கள் இருக்கட்டுமே.

---

ஐந்தாம் வகுப்பு | புதன், இரவு 10:20

பொதுஜனம் அண்ணா, நான் அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். வரலாற்றுப் படங்கள் வேண்டும் என்பதில் எனக்கும் சம்மதமே. அவை ஏற்கெனவே பள்ளிச் சுவரிலும் பாடப் புத்தகத்திலும் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் நிற்கும்போது பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள், சரியான பதில் என்னிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மீன் பந்திக்கு முன்னால் யாரும் என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி வரும்னு காத்திருக்காங்க" என்றான் ஒருவன். "இல்ல, செத்துப் போனவங்களுக்குப் படையல்" என்றாள் ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை அவள். மற்றவர்கள் அவள் சொன்னதை ஏற்கவில்லை. அவள் விடாமல், இலையில் சோறு இல்லையே பாருங்கள் என்று காட்டினாள். உண்மையிலேயே இலைகள் காலியாக இருந்தன. நான் அதுவரை கவனிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் கிடையாது. என் பிள்ளைகள் நேரில் பார்த்த முதல் ஓவியம் இதுதான். தனியார் கூடம் எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது சொல்லுங்கள், அங்கேயும் கூட்டிப் போகிறேன்.

---

ஹட்சன் கரை | வியாழன், அதிகாலை 4:12

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கே சின்ன ஊர் நூலகத்தில்கூட உள்ளூர் ஓவியர்களுக்கென்று ஒரு சுவரோ கண்ணாடி அலமாரியோ இருப்பது சாதாரணம். அதைவிட முக்கியமான ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் ஹார்லெம் பகுதியில் 135-ஆம் தெருவில் ஒரு கிளை நூலகம். சுற்றிலும் கறுப்பின மக்கள் குடியேறிக்கொண்டிருந்த காலம். பெரிய கலைக்கூடங்களின் கதவு கறுப்பின ஓவியர்களுக்கு மூடியிருந்தது. எர்னஸ்டின் ரோஸ் என்ற நூலகர் பொறுப்பில் இருந்தபோது, 1921-இல், கறுப்பின ஓவியர்களின் படங்களை அந்த நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடந்தது. 1934-இல் ஆரன் டக்ளஸ் என்ற கறுப்பின ஓவியர் அந்த நூலகத்துக்காகவே நான்கு பெரிய ஓவியங்கள் வரைந்தார். ஒன்றில், ராட்சதப் பற்சக்கரத்தின் மேல் ஏறி நின்று ஒருவன் சாக்ஸபோனைத் தூக்கிப் பிடித்திருப்பான், சுற்றிலும் கட்டடங்கள் சாய்ந்து ஆடும். கண்ணால் கண்டதை அப்படியே வரைந்த படம் கிடையாது. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்த ஒரு சமூகத்தின் முழு வரலாறும் அதில் இருக்கிறது. பொதுஜனம் ஐயா கேட்ட வரலாறும் கற்பனையும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டன என்பேன்.

ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் வாலிப வயதில் அந்த நூலகத்தில் உட்கார்ந்து படித்துத்தான், ஹெய்தி விடுதலைப் போராளி துசேன் லூவெர்த்யூரின் வாழ்க்கையை 41 படங்களாக வரைந்தார். அதே நூலகம்தான் இன்று கறுப்பின மக்களின் பண்பாட்டை ஆராயும் ஷாம்பர்க் ஆய்வு மையமாக வளர்ந்து நிற்கிறது.

அட்டவணை எண் ஐயா கேட்ட மனு விஷயத்துக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. அமெரிக்க நூலகச் சங்கம் 1939-இல் ஏற்ற நூலக உரிமை அறிக்கையில் பின்னர் சேர்ந்த விதி ஒன்று, காட்சியிடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நூலகம், கேட்பவரின் நம்பிக்கையோ சார்போ பார்க்காமல் எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டும் என்கிறது. எதிர்ப்பு வரும்போது நூலகர் "விதி இது" என்று காட்ட முடிகிறது. நீங்களும் விதியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை மாட்டுங்கள்.

---

பனங்கூடல் | வியாழன், காலை 7:48

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். எங்கட பொது நூலகம் 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு எரிக்கப்பட்டது எல்லாருக்கும் தெரியும். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. திருத்திக் கட்டின பிறகு, 2004-இல் அங்கே 'அகம் புறம்' என்ற பெயரிலை சமகாலக் கலைக் காட்சி ஒன்று நடந்தது. ஓவியர் தா.சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலை இருந்து சனம் குடுத்த பொருட்களைச் சேர்த்து ஒரு நிறுவல் படைப்பு வைத்தவர். போரிலை உடைஞ்சு மிஞ்சினது, ஒளிச்சு வைச்சுக் காப்பாத்தினது எண்டு ஒவ்வொரு வீட்டின்ரை ஞாபகமும் நூலகத்துக்குள்ளை வந்து இருந்தது.

புத்தகம் எரிஞ்ச இடத்திலை அதை வைக்கிறதுக்கு இருந்த அர்த்தம் வேறை எந்தக் கலைக்கூடத்திலையும் வராது. ஆகவே தம்பி, கூடம் இல்லாதபடியால் நூலகம் எண்டு கேட்காதேங்கோ. நூலகம்தான் வேணும் எண்டு கேளுங்கோ.

---

சிவப்பு ஆக்ஸைடு | வியாழன், மதியம் 1:15

கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவன். தொழில்நுட்பமாகச் சில விஷயங்கள், இவற்றைத் தவறவிட்டால் ஓவியருக்குத்தான் நஷ்டம்.

வெயில் நேராக விழும் சுவரைக் கேட்காதீர்கள். நீர்வண்ணமும் பால்பாயிண்ட் மையும் வெளிச்சத்தில் வெளிறிவிடும். தாளில் வரைந்தவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஜன்னலோரத்தில் பகலில் அதைப் போலப் பல மடங்கு இருக்கும். மீன் பந்திப் படம் எங்கே மாட்டியிருக்கிறது? ஜன்னலுக்கு எதிரே என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வெளிச்சுவரும் வேண்டாம். மழைக்காலத்தில் ஓதம் ஏறும். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்பக்கம் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும், வெள்ளிப்பூச்சியும் கரையானும் குடியேறாது. ஆணி அடிக்க நூலகத்தில் விடமாட்டார்கள். கூரையை ஒட்டி ஓர் அலுமினியத் தண்டவாளம் ஒரு முறை பொருத்திவிட்டால் போதும், கம்பியில் கொக்கி மாட்டி எந்த உயரத்துக்கும் இறக்கலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. என்பது வழக்கம். பிள்ளைகளும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்கிற இடம் என்பதால் நான் 135 என்பேன்.

படத்தை வாங்கும்போது முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் கீறலைக் குறித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பொறுப்பு யாருடையது என்ற சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

விற்பனை பற்றி யாரும் பேசவில்லை. பேச வேண்டும். சோழமண்டலத்தை 1966-இல் ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கரும் மற்றவர்களும் உருவாக்கியபோது, பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருட்களை விற்றுத்தான் வயிற்றையும் நிலத்தையும் பார்த்துக்கொண்டார்கள். பாராட்டு மட்டும் வாங்கி யாரும் தொடர்ந்து வரைய முடியாது. சுவரில் விலைச்சீட்டு தொங்குவது நூலகத்துக்கு அழகில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஓவியரின் தொடர்பு விவரத்தை, அவர் சம்மதித்தால், வாசகர் வட்டப் பொறுப்பாளரிடம் வைத்திருங்கள். விரும்புபவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். நூலகத்துக்குள் பணம் கைமாற வேண்டியதில்லை.

---

பொதுஜனம் | வியாழன், மாலை 6:05

ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு இன்று மறுபடி போனேன். இலைகள் காலிதான். மற்ற படங்கள் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. பெயரும் விலாசமும் எழுதிய அட்டை இருக்கிறது, படத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓவியர் தன் கையால் இரண்டு மூன்று வரி எழுதி வைத்தால் என்னைப் போன்றவர்கள் கதவண்டை நின்றுவிடாமல் உள்ளே வருவோம்.

---

கோட்டுச்சித்திரம் | வியாழன், மாலை 6:50

விளக்கம் எழுதினால் படம் அதோடு முடிந்துவிடும் என்று பயப்படுகிறேன். "இது வறட்சியைக் குறிக்கிறது" என்று அந்த மாணவி எழுதியிருந்தால் அந்தச் சிறுமி படையலைக் கண்டிருப்பாளா? எதில் வரைந்தது, எந்த ஊர், எந்த நினைப்பில் தொடங்கியது என்ற அளவில் நிறுத்தலாம். எனாமல் ஐயா டீக்கடை போர்டைப் பற்றி மேலே சொன்னாரே, அது போதும். அர்த்தத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் காட்டுகிறது.

---

வாசல்படி | வியாழன், இரவு 9:40

எல்லோருக்கும் நன்றி. மீன் பந்திப் படத்தை உள்சுவருக்கு மாற்றிவிட்டோம். ஜன்னலுக்கு எதிரேதான் இருந்தது.

இன்று வாசகர் வட்டத்தில் பேசி ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசிப்புக் கூடத்தைத் தொடவில்லை. மாடிப்படி ஏறியதும் வரும் நடைக்கூடச் சுவரை மட்டும் கேட்கிறோம், அங்கே நாற்காலி கிடையாது, வெயிலும் படாது. தண்டவாளமும் சட்டங்களும் எங்கள் செலவு. கலை பண்பாட்டுத் துறையையும் ஓவிய நுண்கலைக் குழுவையும் உதவி கேட்டு அணுகுவோம், கிடைக்காவிட்டாலும் நிற்காது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை படங்கள் மாறும். மாவட்டத்தில் வசிக்கும் யாரும் தரலாம், பட்டம், வயது, சாதிச் சங்கம், கட்சி எதுவும் கேட்கமாட்டோம். அதிகம் வந்தால் வந்த வரிசைப்படி. தேர்வுக் குழுவில் ஓர் ஓவியர், ஓர் ஆசிரியர், நூலகர். ஆட்சேபம் எழுத்தில் வந்தால் குழு பதினைந்து நாளில் எழுத்தில் பதில் தரும், அதுவரை படம் இறங்காது. திறப்பு விழா, மைக் இரண்டும் இல்லை. மாதம் ஒரு ஞாயிறு மாலை, ஓவியர் தன் படத்தருகே நின்று கேட்பவர்களோடு பேசுவார்.

கலைக்கூடம் இல்லாத குறைக்காக என்று முதலில் எழுதியிருந்த வரியை, பனங்கூடல் சொன்னதைப் படித்ததும் எடுத்துவிட்டோம். அட்டவணை எண் ஐயா, அலுவலக மொழியில் எங்கே இடிக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்.

---

அட்டவணை எண் | வெள்ளி, காலை 6:32

நன்றாக இருக்கிறது. மூன்று திருத்தம். "நிரந்தரம்" என்று எழுதாதீர்கள், அந்தச் சொல்லைக் கண்டாலே கோப்பு மேலே மேலே போகும். "முதற்கட்டமாக ஓராண்டுக்கு, பின்னர் புதுப்பிக்கத்தக்கது" என்று எழுதுங்கள். நூலகர் என்று பொதுவாகச் சொல்லாமல் "பணியிலுள்ள முதல்நிலை நூலகர் அல்லது அவர் நியமிப்பவர்" என்று போடுங்கள், ஆள் மாறினாலும் குழு கலையாது. மின்விளக்கு கூடுதலாகப் போடுவதாக இருந்தால் தனி அனுமதி வேண்டும், இப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள். நான் வேலை பார்க்கும் நூலகத்திலும் மாடிப்படிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சுவர் இருக்கிறது.

---

எனாமல் | வெள்ளி, காலை 7:10

தண்டவாளம் பொருத்த சாரம் வேண்டாம், என்னிடம் பெரிய ஏணி இருக்கிறது. சுவர் எத்தனை அடி என்று மட்டும் அளந்து சொல்லுங்கள் தம்பி. டீக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன், அடுத்த முறைக்கு அவர் படம் தருகிறார்.